சோற்றுக்குப் பகல், பயறுக்கு மூன்று வேளையும்

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். மதுரையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருபவரிடம், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிடுவேன். வீட்டுக்கு வீடு பதில் அதிகம் மாறுவதில்லை. காலை எட்டரைக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. அவசரம் என்றால் வெறும் டீயும் வர்க்கியும். மதியம் ரெண்டு மணிக்குச் சோறு, சாம்பார், ரசம், ஒரு கரண்டி பொரியல். சாயங்காலம் டீ, வடை. ராத்திரி பத்து மணிக்கு மூணு தோசை. கடை வைத்திருப்பவர் ஷட்டரை இறக்கிவிட்டு வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். அவருக்கு ரெண்டு பரோட்டா, சால்னா.

இந்தச் சாப்பாட்டில் மாவுச்சத்து எல்லா வேளையிலும் இருக்கிறது. அதில் பெரிய பங்கு படுக்கப் போகும் நேரத்தில் வயிற்றுக்குள் போகிறது. புரதமோ சாம்பாரில் கரைந்த பருப்பாகவும், சட்னியில் அரைத்த பொட்டுக்கடலையாகவும்தான் வந்து சேர்கிறது. முட்டையும் மீனும் கறியும் வாங்கும் வீடுகளில்கூட அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு உரியவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எதையும் நாம் கைவிட வேண்டியதில்லை. அவற்றைப் பகலுக்கு நகர்த்த வேண்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள், அளவைக் குறைத்து முடிக்க வேண்டும். புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதில் மிக முக்கியமான வேளை காலை. இதைச் செய்வதற்குச் சிறப்பு உணவோ, டப்பாவில் அடைத்த புரதப் பொடியோ தேவையில்லை. நம் மளிகைக் கடையில் இருப்பதே போதும்.

உடல் மணி பார்க்கிறது

2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. பழ ஈக்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உயிரணுக்களுக்குள் ஒரு நாள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை அவர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கணக்கு நம் மூளையில் மட்டும் ஓடவில்லை. கல்லீரல், கணையம், குடல், தசை எல்லாவற்றிலும் ஓடுகிறது. எந்த நேரத்தில் என்ன வேலை என்பது உறுப்புகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

கணையத்தையே எடுத்துக்கொள்வோம். பகலில் சாப்பிட்டதும் இன்சுலினைச் சுறுசுறுப்பாகச் சுரக்கும் அதே கணையம், இரவில் மந்தமாகிறது. இருட்டியபின் சுரக்கும் மெலட்டோனின் தூக்கத்தைக் கூட்டி வருவதோடு இன்சுலின் சுரப்பையும் தணிக்கிறது. உடலைப் பொறுத்தவரை அது பட்டினி கிடக்கவும் பழுது பார்க்கவும் உரிய நேரம். அந்த நேரத்தில் மூன்று தோசை உள்ளே போனால், அதிலிருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் நெடுநேரம் நிற்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாத, ஆரோக்கியமானவர்களை ஆய்வகத்தில் தங்கவைத்து, ஒரே மாதிரி உணவை உடலின் காலை நேரத்திலும் மாலை நேரத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மாலையில் சாப்பிட்டபோது உணவுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை 17 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணவு அதேதான், ஆளும் அவரேதான். நேரம் மட்டுமே மாறியது.

நோயில்லாதவர் நிலை இது என்றால், நம் ஊர் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று அது கணக்கிட்டது. அதாவது ஏழு பேரில் ஒருவர். அந்த ஏழு பேரும் ராத்திரி பத்து மணிக்கு ஒரே தோசைக் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

உழைப்புக்கு முன்னால் சோறு

நம் தாத்தா பாட்டியும் மூன்று வேளையும் மாவுச்சத்துதானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு வராத சுகர் நமக்கு ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மேலூர்ப் பக்கம் வயலில் வேலை செய்தவர் விடியலில் கம்பங்கூழோ பழைய சோறோ மோரோடு குடித்துவிட்டு இறங்குவார். அடுத்த ஐந்தாறு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து உழைப்பு. வேலை செய்யும் தசை, ரத்தத்திலிருந்து சர்க்கரையை இன்சுலின் உதவி இல்லாமலேயே இழுத்துக்கொள்ளும். இருட்டியதும் ஒரு சாப்பாடு, உடனே உறக்கம். ஊர் எட்டரைக்கு அடங்கிவிடும்.

அவர் சாப்பிட்ட மாவுச்சத்துக்குப் பின்னால் உழைப்பு வந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்துக்குப் பின்னால் சோபாவும் கைப்பேசியும் கட்டிலும் வருகின்றன. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், செலவே இல்லாத நேரத்தில் பெரும் வரவை உள்ளே தள்ளுகிறார். ஆகவேதான் சோற்றைப் பகலுக்கு நகர்த்தச் சொல்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து மாடிப்படி ஏறலாம், கடைத் தெருவுக்கு நடக்கலாம், பாத்திரம் கழுவலாம். கால்மணி நேர நடைகூட உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் கண்கூடாகக் குறைக்கும். ராத்திரி பதினோரு மணிப் பரோட்டாவுக்குப் பின் யார் நடக்கப் போகிறார்கள்?

காலையில் புரதம் ஏன்?

அப்படியானால் காலையில் ஆறு இட்லி சாப்பிடலாமா? சர்க்கரை நோய் இல்லாத, உடலுழைப்பு உள்ள ஒருவர் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவருக்கு வேறு கதை.

"ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை மேடம், காலையில ஃபாஸ்டிங் 160 காட்டுது" என்று சொல்லி என் முன்னால் அழுதவர்கள் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. விடியலில் நம்மை எழுப்புவதற்காக உடல் கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை கல்லீரலைத் தூண்டி, சேமிப்பில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடல் இதைச் சமாளித்துவிடும். சர்க்கரை நோயாளியால் முடிவதில்லை. அதனால்தான் அவர்களில் பலருக்கு நாளின் மிக உயர்ந்த சர்க்கரை அளவு காலை டிபனுக்குப் பின் வருகிறது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரையின் மேல் நாலு இட்லியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடனே பலர் எடுக்கும் முடிவு, காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிடுவது. வெறும் டீயோடு மதியம் வரை ஓட்டுகிறார்கள். இதுவும் சரியில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த மருத்துவர் டானியலா யாகுபோவிச் தலைமையில் 22 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. காலை உணவு சாப்பிட்ட நாளிலும் சாப்பிடாத நாளிலும் அவர்களுக்கு ஒரே மதிய உணவும் ஒரே இரவு உணவும் தரப்பட்டன. காலையைத் தவறவிட்ட நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஏறக்குறைய கால்பங்கு கூடியது. காலை உணவு, அடுத்த வேளைக்கும் கணையத்தைத் தயார்ப்படுத்தி வைக்கிறது.

ஆகவே காலையில் சாப்பிட வேண்டும். அதில் புரதம் இருக்க வேண்டும். புரதம் வயிற்றிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. இன்சுலினை நேரத்துக்குச் சுரக்கச் சொல்வதும், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்வதும் அந்த ஹார்மோன்தான். இன்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் எடைக் குறைப்பு மருந்துகள் இதே ஹார்மோனைப் பின்பற்றித்தான் செய்யப்பட்டவை. மருந்தின் வலிமை முட்டைக்கு வராது, உண்மை. ஆனால் பதினோரு மணிக்கு வடை தேடும் பசியை ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அடக்குவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கணக்கு எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். நாலு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய 8 கிராம். அதோடு 50 கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் சேர்ந்து வருகிறது. அதையே ரெண்டு இட்லி, ஓர் அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை என்று மாற்றினால் புரதம் 16, 18 கிராமைத் தொடும், மாவுச்சத்தும் குறையும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பச்சைப் பயறு தோசை இருக்கிறது. அரிசிக்குச் சமமாகப் பருப்புகள் போட்டு அரைத்த அடை இருக்கிறது. முளைகட்டிய பயறு, கொள்ளுச் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் தயிர் எல்லாம் இருக்கின்றன. ஒரு முட்டையின் விலை இன்று டீக்கடையில் ஒரு டீயின் விலையைவிடக் குறைவு.

இலையில் எது முதலில்?

நேரம் என்பது கடிகார மணி மட்டுமல்ல. ஒரே சாப்பாட்டுக்குள்ளும் முன்பின் உண்டு. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த சிறு ஆய்வு இதைக் காட்டியது. ஒரு நாள் ரொட்டியையும் பழச்சாற்றையும் முதலில் கொடுத்து, கோழிக்கறியையும் காய்களையும் பிறகு கொடுத்தார்கள். வேறொரு நாள் கறியும் காயும் முதலில், ரொட்டி கால்மணி நேரம் கழித்து. இரண்டாவது முறையில் ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை 37 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது.

நம் பந்தியில் முறை நேர் எதிர். இனிப்பில் தொடங்குகிறோம். பிறகு சோறு, பருப்பு, சாம்பார், மறுபடி சோறு, ரசம், மறுபடி சோறு, மோர். கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள மட்டும். வீட்டில் இதை மாற்றிப் பார்க்கலாம். முதலில் கூட்டும் சுண்டலும் பொரியலும் மீன் துண்டும். பசியின் முதல் வேகம் அதில் தணியட்டும். அதற்குப் பின் சோறு. நான் இப்படிச் சொன்ன பலருக்குச் சோறு தானாகவே ஒரு கரண்டி குறைந்திருக்கிறது. யாரும் அவர்களைக் குறைக்கச் சொல்லவில்லை.

முதியவர்களின் ராத்திரி

வயதானவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் இல்லை, ஜீரணமாகாது என்று சொல்லி, ராத்திரி அவர்களுக்கு ரெண்டு பன்னும் பாலும், அல்லது ரவைக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைக்கிறோம். காலையில் இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம். புரதம் அவர்கள் தட்டுக்கு வருவதே இல்லை. வயதாக ஆகத் தசை புரதத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் குறைகிறது. ஆகவே இளைஞரைவிட முதியவருக்கு ஒவ்வொரு வேளையும் கூடுதலாகவே வேண்டும். தசை கரைந்தால் நடை தளர்கிறது, கீழே விழுகிறார்கள், இடுப்பு முறிகிறது. சர்க்கரையை எரிக்கும் பெரிய அடுப்பே தசைதான். அது சுருங்கினால் சர்க்கரையும் ஏறுகிறது.

ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது. அமெரிக்காவின் டெக்சஸில் எட்டுப் பேரிடம் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாளுக்கான 90 கிராம் புரதத்தை மூன்று வேளையும் சமமாகப் பிரித்துக் கொடுத்தபோது, பெரும்பகுதியை இரவில் கொடுத்ததைவிடத் தசை கட்டமைப்பு 25 சதவீதம் கூடுதலாக நடந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அரைக் கிலோ கறியும் மற்ற நாட்களில் வெறும் ரசமும் என்ற நம் வழக்கத்தைக் கேள்வி கேட்க அது போதும். பெரியவர்களுக்கு நன்றாகக் குழைத்த பாசிப்பருப்பு, மெதுவாக அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், தயிர், பனீர் எல்லாம் பல் இல்லாமலேயே சாப்பிடத் தகுந்தவை.

சப்பாத்தியும் மாற்றுக் கருத்தும்

"ராத்திரி சோறை விட்டுட்டேன், சப்பாத்திதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஏராளம். கோதுமையில் புரதம் அரிசியைவிடக் கொஞ்சம் கூடுதல், நார்ச்சத்தும் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் மூன்று சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 60 கிராம். ஐந்து இட்லியில் இருப்பதும் அவ்வளவே. பத்து மணிக்கு உருளைக்கிழங்குக் குருமாவோடு சப்பாத்தி சாப்பிடுபவர், ஏழரைக்கு ரெண்டு இட்லி சாம்பாரோடு முடிப்பவரைவிட எந்த வகையிலும் மேலான இடத்தில் இல்லை. தானியத்தை மாற்றியதால் நேரமும் அளவும் மாறிவிடாது.

எனக்கு எதிரான ஆதாரங்களையும் வாசகர் முன் வைக்க வேண்டும். இஸ்ரேலில் 78 காவலர்களிடம் ஆறு மாதம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. மாவுச்சத்தைப் பெரும்பாலும் இரவில் சாப்பிட்டவர்களுக்கு எடை நன்றாகவே குறைந்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் அதிகம் சாப்பிட்டாலும் இரவில் அதிகம் சாப்பிட்டாலும் மொத்த அளவு ஒன்றாக இருந்தால் எடைக் குறைவும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. எடை குறைய வேண்டும் என்றால் மொத்த அளவே முதலில் பேசும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தொட்டது எல்லாம் கொழுப்பாகிவிடும் என்று பயமுறுத்துவது தவறு. ஆனால் ரத்தச் சர்க்கரை என்று வந்தால் நேரம் நிச்சயமாகப் பேசுகிறது. மேலும், அந்த ஆய்வுகளில் சாப்பாட்டை அளந்து கொடுத்தார்கள். நம் வீட்டில் யாரும் அளந்து போடுவதில்லை. பசி குறைந்தால்தான் அளவு குறையும்; பசியைக் குறைப்பது காலை உணவும் புரதமும்.

கடைசியில் சாப்பிடுபவர்

சாப்பாட்டு நேரத்தைத் தனி ஒருவர் விருப்பமாக மட்டும் பேசினால் அது அநீதி. என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிடுகிறார்கள். கணவர் கடையடைத்து வர வேண்டும், பிள்ளை டியூஷன் முடித்து வர வேண்டும், மாமியாருக்கு முதலில் போட வேண்டும். எல்லாம் முடிந்து பத்தரைக்கு அடுப்படியில் நின்றபடியே, மிஞ்சிய சோற்றை மிஞ்சிய குழம்பில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். குழம்பில் மீன் தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும். சோறு வீணாகக்கூடாது என்று மிச்சத்தையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். தப்பான நேரம், தப்பான அளவு, புரதமே இல்லாத தட்டு: மூன்றும் ஒரே ஆளுக்கு. அதன் பிறகு டாக்டர் அவரைப் பார்த்து, "வாயைக் கட்டுங்கம்மா" என்கிறார்.

அவர் வாயைக் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்கள் அவருக்கும் ஏழரை மணிக்கே ஒரு தட்டு போட்டு உட்காரவைக்க வேண்டும். தாமதமாக வருபவர் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ளலாம். முட்டையையும் மீனையும் முதலிலேயே எண்ணிப் பங்கு வைக்கலாம். ஒரு சர்க்கரை நோயாளிப் பெண்ணுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மிகப் பெரிய மருத்துவ உதவி இதுவாக இருக்கும்.

இரவு வேலைக்குப் போகிறவர்களின் பாடு இன்னும் கடினம். திருப்பூர் நூற்பாலையிலும், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையிலும், பழைய மகாபலிபுரம் சாலைக் கணினி நிறுவனங்களிலும், மருத்துவமனை வார்டுகளிலும் ஊர் தூங்கும்போது வேலை நடக்கிறது. நள்ளிரவில் கேன்டீனில் கிடைப்பது பெரும்பாலும் தக்காளி சாதம், பரோட்டா, பன், டீ. பாஸ்டனில் 19 இளைஞர்களை வைத்து இரவு வேலையைப் போலவே ஆய்வகத்தில் நடத்தி, 2021இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. எட்டு மணி நேரம் தறி ஓட்டுபவரைப் பட்டினி போடச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் பசித்தால் சுண்டல், முட்டை, வேர்க்கடலை, மோர், விடிந்ததும் டிபன். இதைக் கேன்டீன்கள் செய்து தர முடியும். செலவும் பெரிதாகக் கூடாது.

பள்ளிக்கூடத் தட்டு

அரசிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில் தொடங்கியது. காலையில் பசியோடு வகுப்பில் உட்கார்ந்த குழந்தைகளுக்கு அது செய்திருக்கும் நன்மையை நேரில் பார்த்தவள் நான். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார் என்று சூடாகக் கொடுக்கிறார்கள். பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது, சாம்பாரில் துவரம்பருப்பு இருக்கிறது. ஆனாலும் ரவையும் சேமியாவும் வரும் நாட்களில் தட்டு மாவுச்சத்துப் பக்கமே சாய்ந்திருக்கிறது. மதிய உணவில் முட்டை கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. காலைத் தட்டிலும் தினமும் ஒரு கரண்டி அவித்த பயறோ சுண்டலோ சேர்த்தால், வளரும் குழந்தைக்குப் புரதம் இரண்டு வேளையாகப் பிரிந்து கிடைக்கும். பத்து வயதில் நாக்கு பழகியது ஐம்பது வயதிலும் விடாது.

கவனிக்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு இன்றிரவே சாப்பாட்டைப் பாதியாக்கிவிட வேண்டாம் என்று சிலரைக் கேட்டுக்கொள்கிறேன். இன்சுலின் ஊசி போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தைத் தாங்களாகவே கூட்டக்கூடாது. அவர்களுக்கு அளவு வேறு. கர்ப்பிணிகளும் எந்த வேளையையும் தாங்களாகக் குறைக்க வேண்டாம்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது இரண்டே மாற்றம்தான். நாளைக் காலைத் தட்டில் ஒரு முட்டையையோ ஒரு கிண்ணம் பயறையோ சேருங்கள்; அதற்கு ஈடாக ரெண்டு இட்லியைக் குறையுங்கள். இரவுச் சாப்பாட்டை இப்போது சாப்பிடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். பழகியதும் இன்னொரு மணி நேரம். வீட்டில் சமைப்பவரும் அதே நேரத்தில், அதே முட்டையோடு, உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்தப் பழக்கத்தைத் தொடர்வதா விடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.